கல்மரத்தைச் செய்தது யார்? திருவக்கரை வழியாக விழுப்புரத்துக்கு ஒரு நாள்

அடுத்த மாதம் நம் பிளஸ் ஒன் வகுப்பு முழுவதையும் திருவக்கரைக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள். அதற்கு முன் அந்த ஊரைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று நம் கையெழுத்துப் பத்திரிகையின் போன இதழில் கேட்டிருந்தீர்கள். நான் இன்றைக்குத்தான் போய்வந்தேன். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். விடுதியில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிட்டுச் செத்த மாதிரி படுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் இரண்டு தடவை செத்துவிட்டேன்.

பயணத்தின் காரணம் திருவக்கரை அல்ல, விழுப்புரம். பொங்கல் விடுமுறை முடிந்த மறு வாரம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அங்கே பள்ளிகளுக்கு இடையே ஒரு பட்டிமன்றப் போட்டி. தலைப்பு: ‘உயிர்கள் படைக்கப்பட்டவையா, தாமாகத் தோன்றியவையா?’ நம் பள்ளிக்குப் ‘படைக்கப்பட்டவையே’ என்ற பக்கம் விழுந்தது. மூன்று பேர் அணி. குயிலாப்பாளையத்து ஜெமிமா, பனமலை சிவகாமி, மூன்றாவதாக முடிவுரை சொல்ல நான். கூட வந்தவர் நம் உயிரியல் ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர். வழியில் திருவக்கரையில் இறங்கிக் கல்மரங்களை, அதாவது கல்லாய் மாறிய பழங்கால மரங்களை, பார்த்துவிட்டுப் போனால் மேடையில் சொல்ல ஏதாவது கிடைக்கும் என்பது டீச்சரின் யோசனை.

என்னை ஏன் அந்த அணியில் போட்டார்கள் என்று சிலர் கேட்டீர்கள். நான் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விடுதியில் எல்லாருக்கும் ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு என்றால், நான் ஐந்தரைக்கே சமையலறை வாசலில் தட்டோடு நிற்பேன். முட்டையும் மண்ணுக்குள் விளையும் கிழங்கும் தொடுவதில்லை. அதனால் டீச்சர் வகுப்பில் எல்லார் எதிரிலும் சொன்னார்:

“தினமும் விரதம் இருக்கிற பொண்ணு பத்மா. கடவுள் படைச்சாருன்னு இவ சொன்னா ஊரே நம்பும்.”

வகுப்பு கைதட்டியது. நான் எழுந்து நின்று, “சரிங்க டீச்சர்” என்றேன்.

சரி இல்லை. செஞ்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் நாங்கள் சமணர்கள். அது விரதமில்லை, வழக்கம். விளக்கில் விழும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். எங்கள் வீட்டில் தினமும் கும்பிடுகிறோம். ஆனால் கும்பிடுகிறவர் உலகத்தைப் படைத்தவர் அல்லர், வழி காட்டியவர். உலகத்தை யாரும் படைக்கவில்லை, அது எப்போதும் இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விடுதியில் சேர்த்தபோது அப்பா, “அங்க போய் இதெல்லாம் பேசிக்கினு இருக்காத, படிக்கிற வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை வருடமாக நான் பேசவில்லை.

இதில் என் பயமெல்லாம் ஜெமிமாதான். அவள் பாய் என் பாய்க்குப் பக்கத்தில். காலையில் குழாயடி வரிசையில் எனக்கும் சேர்த்து வாளி போட்டு வைப்பவள். போன வருடம் ஒருத்தி ‘ஆதாம் கதை’ என்று சொல்லிச் சிரித்ததற்கு, அரையாண்டுத் தேர்வு முடியும்வரை ஜெமிமா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறும் சிரிப்புக்கே அப்படி. படைத்தவரே இல்லை என்று சொல்லும் வீட்டுப் பெண் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால்? முடிவுரையை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துதான் பேருந்து ஏறினேன்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மயிலம் வழியாகத் திருவக்கரை போகும் டவுன் பஸ் காலை ஆறு ஐம்பதுக்கு. அதைத் தவறவிட்டால் பத்து மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், மயிலத்தில் மலைக்கோயில் ஜன்னலுக்குள் வந்து நிற்கும். அங்கிருந்து சாலை ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, பாடப் புத்தகத்தில் வேர்க்கடலை. செடியைப் பிடுங்கிக் குவித்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிற்காமலே மெதுவாகப் போனபோது ஒரு அக்கா ஒரு கை மல்லாட்டையைச் சிவகாமியின் மடியில் எறிந்தார். சிவகாமி விழுப்புரம் போய்ச் சேரும்வரை தின்றுகொண்டே வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நடத்துநர் எங்கள் சீருடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னாம்மா, அசுரன் எலும்பு பாக்கப் போறீங்களா?”

“எலும்பு இல்லீங்க, மரம்,” என்றாள் சிவகாமி, வாய் நிறைய மல்லாட்டையோடு.

“மரமா? மரம்னா எங்க ஊர் பொம்பளைங்க இந்நேரம் வெட்டி அடுப்புல வெச்சிருப்பாங்க. அது எலும்புதான். எங்க காளி அந்த அசுரனை அடிச்ச அடி அப்படி.”

“படிச்ச புள்ளைங்ககிட்ட இப்படிச் சொல்றீங்களே,” என்றார் டீச்சர்.

“படிச்சவங்க வர்றாங்க, எலும்பைப் பாத்துட்டு மரம்ன்றாங்க, போறாங்க. எனக்கு டிக்கெட் வந்தா சரி,” என்று விசிலை ஊதிக்கொண்டு நகர்ந்தார்.

எட்டேகாலுக்குத் திருவக்கரையில் இறங்கினோம். காளி கோயில் வாசலில் இட்லி கிடைக்கும், சட்னி காரம். பௌர்ணமி அன்று போகாதீர்கள், கூட்டத்தில் கால் வைக்க முடியாதாம். கோயிலிலிருந்து கல்மரங்கள் இருக்கும் இடம் ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். செம்மண் மேடு, சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே முந்திரியும் முள்ளும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு காவலாளி அண்ணன் மட்டும் இருந்தார். “தொட்டுப் பாக்கலாம். பேத்து எடுத்தா கேஸு,” என்றார். அவ்வளவுதான் அவருடைய வரவேற்புரை.

மரம் என்று சொன்னால் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. லாரியிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி மண்ணில் பாதி புதைந்து, பாதி வெளியே. சில மரங்கள் நம் வகுப்பறையைவிட நீளம். கிளை இல்லை, இலை இல்லை. ஆனால் அறுத்த பக்கத்தைப் பார்த்தால் வளையங்கள், கணுக்கள், பூச்சி துளைத்த ஓட்டைகூட இருக்கிறது. தட்டினேன். விரல்தான் வலித்தது. மரத்தைத் தட்டினால் ஒரு சத்தம் வரும் என்று காது எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது கல்லின் சத்தம் வருகிறது பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே போகலாம். நான் மூன்று மரங்களைத் தட்டினேன். ஜெமிமா எல்லா மரங்களையும் தட்டிக்கொண்டு ஓடினாள். சிவகாமி ஒரு மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, காவலாளியிடம் திட்டு வாங்கி இறங்கினாள். நாங்கள் மூவரும் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசல் பக்கம் ஒரு பலகை இருக்கிறது. இந்த மரங்கள் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து கல்லானவை என்று எழுதியிருக்கிறது. பலகையின் முன்னால்தான் வேடிக்கை ஆரம்பித்தது.

“டீச்சர்! வெள்ளம்னு போட்டிருக்கு பாருங்க!” ஜெமிமா துள்ளினாள். “நோவா காலத்து வெள்ளம். கவர்மென்டே எழுதி வெச்சிருக்காங்க!”

“எந்த வெள்ளம்னு போட்டிருக்கா?” என்றார் டீச்சர். “மேல் வரியையும் படி.”

“இரண்டு கோடி...” ஜெமிமா அந்த எண்ணை மட்டும் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். “அது தப்பா எழுதியிருப்பாங்க டீச்சர். ஆறு நாள்ல எல்லாம் ஆச்சு. அது ஆகியே சில ஆயிரம் வருஷம்தான். எங்க பாஸ்டர் கூட்டிக் கணக்குப் போட்டு வெச்சிருக்காரு.”

“நம்ம வார்டன் அம்மாவும் கடவுள் படைச்சாருன்னுதான் சொல்றாங்க,” என்றார் டீச்சர். “ஆனா நாள்னா நம்ம நாள் இல்ல, ஒவ்வொரு நாளும் ஒரு யுகம்ன்றாங்க. யுகத்துக்கு ஒண்ணா மீன், பறவை, மிருகம்னு தனித்தனியா உண்டாக்கினாராம்.”

“வார்டன் அம்மாவா?” ஜெமிமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அப்ப நீங்க, டீச்சர்?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவதான். ஆனா தனித்தனியா செஞ்சாருன்னு நான் நினைக்கல. முதல் உயிருக்குள்ளயே அத்தனையும் வெச்சு அனுப்பிட்டாரு. அது ஒண்ணுலேருந்து ஒண்ணா வளந்து வந்துக்கினு இருக்கு. இந்த மரமெல்லாம் அந்த வழியில ஒரு ஸ்டாப்பிங்.”

“குரங்குலேருந்தா டீச்சர்?”

“உன் சேட்டையைப் பாத்தா நம்பத் தோணுது.”

சிவகாமிக்குச் சிரிப்பில் மல்லாட்டை புரையேறியது. தலையில் தட்டிவிட்டேன். கொஞ்சம் ஆறியதும் அவள் சொன்னாள்: “நீங்க ரெண்டு பேரும், வார்டன் அம்மாவும் எவ்ளோ நாள் ஆச்சுன்னுதான் சண்டை போட்டுக்கினு இருக்கீங்க. எங்க வீட்டுல கேள்வியே வேற. குயவன் பானை செய்றான். மண்ணை அவனா உண்டாக்கறான்? மண்ணு முன்னாடியே இருக்குது. சாமியும் அப்படித்தான். இருக்கிறதை வெச்சு உடம்பும் உலகமும் செஞ்சு குடுக்கிறாரு, அழிக்கிறாரு, மறுபடி செய்றாரு. உயிரை யாரும் செய்யல, அது எப்பவும் இருக்குது.”

“எங்க சாமி மண்ணையும் அவரே உண்டாக்கினாரு,” என்றாள் ஜெமிமா.

“அப்ப உங்களுக்குக் குயவன் பத்தாது.”

“பத்தாது!” என்று ஜெமிமா பெருமையாகச் சொன்னாள்.

காவலாளி அண்ணன் இத்தனை நேரமும் வேலிக்கம்பியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிவகாமி அவரையும் விடவில்லை. “நீங்க இன்னா சொல்றீங்கண்ணா? யார் செஞ்சது?”

“யாரோ செஞ்சிருக்கான்,” என்றார். “இவ்ளோ வளையம், இவ்ளோ கணு, தானா வருமா? கெட்டிக்காரன் ஒருத்தன் போட்ட பிளான்தான். யாருன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. சனிக்கிழமை ஒரு கும்பல் வரும், ஞாயித்துக்கிழமை வேற கும்பல் வரும். நான் ஒரு பேரைச் சொல்லி வெச்சேன்னா எனக்குத்தான் பேஜாரு.”

அந்த நேரத்தில்தான் எனக்கு முடிவுரை ஞாபகம் வந்தது. டீச்சர் எழுதிக்கொடுத்த முதல் வரி இப்படி இருந்தது: ‘நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொல்கிறோம்.’ ஒரே பலகையின் முன்னால், அங்கே இல்லாத வார்டன் அம்மாவையும் சேர்த்து, ஐந்து பேரின் ஐந்து விதமான பேச்சை இப்போதுதான் கேட்டேன். இதில் ஒரே குரல் எங்கே? ஆறாவதாக நான் வேறு, ஒரு கல்மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றிருந்தேன். கல் அதற்குள் வெயிலில் சூடாகிவிட்டிருந்தது.

பத்தரைக்குத் திரும்பும் பஸ் வந்தது. அதே நடத்துநர். “எலும்பா, மரமா?” என்றார். “ரெண்டும் இல்லீங்க, கல்லு,” என்றாள் சிவகாமி. மயிலம் தாண்டிக் கூட்டேரிப்பட்டில் இறங்கி, டிரங்க் ரோட்டில் விழுப்புரம் வண்டி பிடித்தோம். அங்கிருந்து இரண்டு ரூபாய் பத்து காசு. பன்னிரண்டே முக்காலுக்கு விழுப்புரம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் சைவச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இலைச் சாப்பாடு மூன்று ரூபாய், மோர் எத்தனை தடவை வேண்டுமானாலும். நான் ஒரு வாய்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. இலைக்குப் பக்கத்தில் தாளை வைத்து முடிவுரையை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நடந்த மண்டபத்தில் மின்விசிறி சத்தத்தைவிடப் பையன்களின் சத்தம் அதிகம். நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெற்றிலை போட்ட வாய். முதலில் ஜெமிமா ஏறினாள். ஆறு நாட்களையும் அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். திருவக்கரை வெள்ளத்தைச் சொன்னாள், இரண்டு கோடியைச் சொல்லவில்லை. எதிரணி அண்ணன் ஒருவர் எழுந்தார். விழுப்புரத்துக்காரர், உள்ளூர் கைதட்டல் அவருக்குத்தான்.

“ஆறு நாளில் உலகத்தையே முடித்துவிட்டார்களாம்! எங்கள் தெருவில் ஒரு குழாய் போட ஆறு மாதம் ஆகிறது!” மண்டபம் அதிர்ந்தது. பிறகு அவர் திருவக்கரைப் பலகையின் மேல் வரியையும் சொன்னார்.

சிவகாமி குயவன் கதையைச் சொன்னாள். உடனே எதிரணியின் இரண்டாவது ஆள், “முதல் தங்கை மண்ணையும் கடவுள் செய்தார் என்கிறார். இரண்டாவது தங்கை மண் ஏற்கெனவே இருந்தது என்கிறார். அம்மா, முதலில் நீங்கள் வீட்டுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்!” என்றார். ஜெமிமா சிவகாமியை முறைத்தாள். சிவகாமி மேசைக்கடியில் மல்லாட்டையைத் தேடினாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். ‘நாங்கள் மூவரும் ஒரே குரலில்’ என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். முன் வரிசையில் ஜெமிமா, எனக்காகக் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அந்தப் பொய் வரவில்லை.

“எங்களுக்கு ஒரே குரல் இல்லை,” என்றேன். பயத்தில் வேகமாகப் பேசினேன். “எதிரணி அண்ணன் ஆறு நாளை அடித்தார். அந்த அடி ஜெமிமா மேல் மட்டும்தான் விழுந்தது. நாள் என்றால் யுகம் என்று சொல்கிறவர்கள் மேல் அது படவில்லை, ஏனென்றால் அவர்களும் இரண்டு கோடியை ஒப்புக்கொள்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக உயிர் வளர்ந்தது என்று நீங்கள் நிரூபித்தால், யுகக் கணக்குக்காரர்களுக்கு வலிக்கும். ஆனால் அப்படி வளரும்படி செய்தவரே கடவுள்தான் என்கிறவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் நீங்கள் அவர்களுடைய பேச்சையே பேசுகிறீர்கள். இது எதுவும் சிவகாமியைத் தொடவே இல்லை. அவளிடம் எவ்வளவு நாள் என்று கேட்கக் கூடாது, மண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். திருவக்கரையில் ஒரு அண்ணன் இருக்கிறார். யாரோ செய்தார், யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறார். அவரை எப்படி அடிப்பீர்கள் என்று எனக்கே தெரியவில்லை. இவர்கள் ஐந்து பேரையும் ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டி அடித்தால் யாருக்கு வலித்தது என்று தெரியாது. நாங்களும் ஒரே பையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது தப்புதான்.”

எங்கோ பின்னால் ஒருவர் கைதட்டினார். பிறகு நிறையப் பேர். நான் இறங்கத் திரும்பினேன்.

“நில்லும்மா,” என்றார் நடுவர். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். “அஞ்சு பேரைச் சொன்ன. இதுல நீ யாரு?”

நான் ஜெமிமாவைப் பார்த்தேன். அவள் இப்போது கண்ணைத் திறந்திருந்தாள்.

“நான் இதுல இல்லீங்க ஐயா. எங்க வீட்டுல படைச்சவர்னு யாரும் இல்லீங்க.”

மண்டபத்தில் ஒரு ‘ஓ’ கிளம்பியது. எதிரணி அண்ணன் எழுந்து தன் நாற்காலியை இழுத்துக் காட்டி, “அப்போ இங்கே வந்து உட்காருங்கள்!” என்றார்.

“உங்க பக்கமும் இல்லீங்க. நீங்க உயிர் ஒரு நாள் தொடங்கிச்சுன்னு சொல்றீங்க. எங்க வீட்டுல அது தொடங்கவே இல்ல.”

நடுவர் சிரித்ததில் வெற்றிலைச் சாறு வேட்டியில் தெறித்தது. “அப்ப உனக்குத் தனியா ஒரு நாற்காலி போடணும்!” என்றார். மண்டபமே சிரித்தது. சிவகாமி மேசையைத் தட்டிச் சிரித்தாள். டீச்சர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஜெமிமா சிரிக்கவில்லை.

கோப்பை எதிரணிக்கு. தன் பக்கத்தைத் தானே கைவிட்ட அணிக்கு எப்படிக் கொடுப்பார்கள்? எனக்கு மட்டும் ஆறுதல் பரிசாக எவர்சில்வர் சோப்பு டப்பா ஒன்று கொடுத்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் வெளியே வந்ததும், “விரதம்னு நானே நினைச்சுக்கிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்,” என்றார். கோபம் இல்லை. ஜெமிமா எங்களுக்கு நான்கு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

நாலரைக்குத் திண்டிவனம் வண்டி. மூன்றரை ரூபாய். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், ஐந்தே முக்காலுக்கு விடுதியில் சாப்பிட்டுவிடலாம் என்பது என் கணக்கு. ஜெமிமா ஜன்னல் ஓரம், நடுவில் சிவகாமி, இந்தப் பக்கம் நான். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. இப்போது கரும்பு வெட்டும் காலம். சர்க்கரை ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றிருந்தன. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பையன்கள் இறங்கிக் கரும்பை உருவிக்கொண்டு ஓட, வண்டிக்காரர்கள் சாட்டையோடு துரத்த, ஒரே கலகலப்பு. எனக்கு மட்டும் சூரியன் தெரிந்துகொண்டிருந்தது. கரும்பு உச்சிக்கு மேலே இருந்தது. பிறகு உச்சியில் இருந்தது. மதியமும் நான் சாப்பிடவில்லை. இனி நாளைக் காலைதான். அதைவிட, ஜெமிமாவின் பின்தலை மட்டுமே தெரிந்த அந்த நேரம்தான் தாங்க முடியவில்லை. சத்தம் போடாமல் அழுதேன்.

ஜெமிமா எழுந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். என் பக்கத்தில் இருக்கக்கூடப் பிடிக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அவள் குரல்.

“ஏய் பத்மா! மண்ணுக்குள்ள வெளையறது உனக்கு ஆகுமா ஆகாதா?”

எனக்குப் புரியவில்லை.

“மல்லாட்டைடி! அவிச்சது விக்கிறாங்க. ஆகுமா?”

“கிழங்குதான் ஆகாது. மல்லாட்டை ஆகும்.”

“ஜல்தி இறங்கி வா. பொழுது போயிக்கினு இருக்குது!”

சாலையோரம் ஒரு அம்மா கூடையில் சூடாக அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். ஜெமிமா தாவணி முந்தியில் அரைப்படி வாங்கியிருந்தாள். கரும்பு வண்டியின் நிழலில் என்னை உட்கார வைத்து, தானே வேகவேகமாக உரித்து என் கையில் போட்டாள். ஒரு கண் மேற்கில், ஒரு கண் என் வாயில். “மெல்லு, மெல்லு, இன்னும் ஒரு விரக்கட்டை இருக்குது சூரியன்,” என்று ரன்னிங் கமென்ட்ரி வேறு. ஓட்டுநர் மேலிருந்து, “இன்னா பாப்பா, பந்தயமா?” என்றார். “ஆமாங்கண்ணா, சூரியன்கூட!” என்றாள்.

வாயில் மல்லாட்டையோடு கேட்டேன். “கோவம் இல்லியா?”

“இருக்குது. ஒன்றரை வருஷமா பக்கத்துல படுத்துக்கினு ஒரு வார்த்தை சொல்லலியே, அதுக்குத்தான் கோவம். மத்ததுக்கு நான் உனக்காக ஜெபம் பண்ணிக்கிறேன், அது என் பாடு.” இன்னொரு கை மல்லாட்டையைப் போட்டாள். “நீ அவரு இல்லன்னு சொல்லிக்க. உன்னைப் பட்டினியா விட்டா அவரு என்னைத்தான் கேப்பாரு. சாப்புடு.”

கடைசி மல்லாட்டையை விழுங்கியபோது சூரியனில் ஒரு நகக்கண் அளவு மிச்சம் இருந்தது. சிவகாமி ஜன்னலிலிருந்து கைதட்டினாள். பிறகு அவளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று தெரிந்து திட்டினாள்.

போகப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறு ஐம்பது பஸ்ஸை விடாதீர்கள். வேலிக்குள் தண்ணீர் கிடையாது, பாட்டிலில் கொண்டுபோங்கள். பத்து மணிக்குள் பார்த்து முடியுங்கள், அதற்குப் பிறகு கல்லில் கை வைக்க முடியாது. சின்னத் துண்டுகூட எடுக்காதீர்கள். பலகையை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படியுங்கள். பிறகு பக்கத்தில் நிற்பவளிடம் என்ன படித்தாய் என்று கேளுங்கள், ‘நாங்களும் அதேதான்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். விழுப்புரத்துக்குப் போவதானால் கரும்பு சீசன் முடிந்தபின் போங்கள், அல்லது கையில் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை டீச்சர் மூலம் விஷயம் தெரிந்தால் வார்டன் அம்மா என்ன சொல்வாரோ தெரியாது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, ஆனால் சின்னதாகிவிட்டது.

டார்ச் வெளிச்சம் மங்குகிறது. இது ஜெமிமாவுடையது. பேட்டரியைத் தீர்க்காதே என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். ஜெமிமாவின் பக்கத்து இடம் மட்டும் எனக்கு.